கோபாலன் கிண்ணமும் அதன் பெயருக்குரியவரும்

1952-53ஆம் ஆண்டுப் பருவத்திலே சென்னை மாநில அணிக்கும் இலங்கை அணிக்குமிடையே ஒரு கிரிக்கெட் போட்டித் தொடர் தொடங்கிற்று. கடலுக்கு அக்கரையிலும் இக்கரையிலுமாக நடைபெற்ற அப்போட்டியிலே வெற்றி பெறும் அணிக்குரிய பரிசு கோபாலன் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. 1975-76ஆம் ஆண்டுப் பருவம் வரை அது பெரும்பாலும் ஆண்டுதோறும் நடந்து வந்தது. இலங்கைக்கு டெஸ்ட் உரிமை கிட்டாதிருந்த அந்நாளிலே, இத்தீவின் வீரர் முதல்தரக் கிரிக்கெட் ஆடித் தம் ஆற்றலை அளந்து கொள்ளக் கிடைத்த வாய்ப்புகள் மிகச் சிலவேயாம். அவற்றுள் ஆண்டுக்கொரு முறை உறுதியாய் எதிர்பார்க்கத்தக்கதாயிருந்தது இக்கிண்ணமே. மைக்கல் திசேரா, அனுர தென்னக்கோன் முதலியோர் ஒரு புறமும் வெங்கடராகவன், வி. வி. குமார் முதலியோர் மறுபுறமுமாக நின்று பொருத களம் அது.

கிண்ணத்தின் பெயரைச் செய்தித்தாள்களிற் படித்தோர் பல்லாயிரவர். பெயருக்குரிய கோபாலன் யார், அவர் எவ்வாறு களத்துக்கு வந்தார், எதனைப் பெற்றார், எதனை இழந்தார் என்பவற்றை அறிந்தோர் மிகச் சிலரே. விளையாட்டு வீரனொருவனின் வாழ்வை அவன் பெற்ற பதக்கங்களையும் குவித்த ஓட்டங்களையும் கொண்டே அளப்பது உலக வழக்கு. அவ்வளவுகோலைக் கைக்கொண்டால் கோபாலனுடைய டெஸ்ட் வாழ்வு ஒரே ஒரு போட்டி, ஒரே ஒரு விக்கெட்டு, 18 ஓட்டங்கள் என்று ஒரு வரியிலே முடிந்துவிடும். ஆனால், திறமை ஒருவனிடத்திலே பிறப்பது வேறு, அத்திறமைக்கு வழி திறப்பது வேறு என்னும் உண்மையை விளக்குவதற்கு அவருடைய வரலாற்றை விடத் தக்க சான்று கிடைப்பது அரிது. அவ்வுண்மை தேயிலை மலைகளிலே வாழும் மக்களுக்கு நெருங்கிய தொடர்புடையது என்பதும் இக்கட்டுரையின் இறுதியிலே புலனாகும்.

சேப்பாக்கமும் அதன் வேலியும்

சென்னைக் கிரிக்கெட் கழகம் 1846ஆம் ஆண்டிலே ஐரோப்பியரால் நிறுவப்பெற்றது. சேப்பாக்கத்து மைதானம் அக்கழகத்தின் ஆட்சியிலே இருந்தது. இந்தியர் அதன் உறுப்பினராதல் இயலாது. இந்நிலையைப் பொறாத புச்சிபாபு நாயுடு என்னும் செல்வர் 1888ஆம் ஆண்டிலே சென்னை ஐக்கியக் கழகத்தை நிறுவினார். தம் பொருளைச் செலவிட்டு இளைஞரைத் திரட்டிப் பயிற்றி, ஐரோப்பியருக்கு எதிராக இந்தியர் அணியொன்று நிற்க வழிசெய்தார். சேப்பாக்கத்தில் ஆடச் சென்ற இந்தியர் மரநிழலிலே உணவுண்ண, ஐரோப்பியர் மண்டபத்தினுள்ளே அமர்ந்து உண்ட முறை அவர் மனத்தை வருத்தியதென்றும், மண்டபத்தில் இந்தியருக்கும் இடம் தரப்பட வேண்டுமென அவர் வற்புறுத்தினாரென்றும் கூறுவர். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் மாகாணப் போட்டி அவர் முயற்சியின் பயனேயாகும். எனினும் 1908ஆம் ஆண்டிலே அவர் காலமாகிவிட்டார். பிற்காலத்திலே அப்போட்டி பொங்கற் பண்டிகையை ஒட்டி ஆண்டுதோறும் நிகழ்ந்து, சென்னை மக்களின் திருவிழாக்களுள் ஒன்றாகவே ஆயிற்று.

புச்சிபாபு மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலே, 1909 ஜூன் 6ஆம் நாள், செங்கற்பட்டு மாவட்டத்து மோரப்பாக்கம் என்னும் சிற்றூரிலே கோபாலன் பிறந்தார் என ஏடுகள் குறிக்கின்றன. அவர் 1906இலேயே பிறந்தவர் என்று குடும்பத்தார் கூறியதும் உண்டு. அவருடைய குடும்பம் பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியிலே குடியேறிற்று. திருவல்லிக்கேணி சேப்பாக்கத்துக்கு அடுத்துள்ள பகுதி. மைதானத்திலே எழும் ஆரவாரம் தெருவிலே கேட்கும் அண்மையிலே அவ்விளைஞர் வளர்ந்தார். அண்மையிலிருந்தது மைதானம், ஆனால் அதன் வேலியைக் கடந்து உட்புகுவதற்குச் செல்வமோ, குடிப்பெருமையோ, பிறருடைய ஆதரவோ வேண்டியிருந்தது. முதலிரண்டும் கோபாலனிடம் இல்லை. மூன்றாவது, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பனியிலே உயர் பதவி வகித்த சி. பி. ஜோன்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் கென்ற் மாவட்டத்துக்கும் ஆடியவர். சென்னையிலே ஐரோப்பியர் அணியின் தூணாக விளங்கிய அவர், திருவல்லிக்கேணிக் கழகத்துக்கு ஆடிய இளம் வேகப்பந்து வீச்சாளரின் ஆற்றலைக் கண்டு வியந்தார். வியந்ததோடு நில்லாமல் தம் கம்பனியிலேயே அவருக்கு ஒரு வேலையும் தேடிக் கொடுத்தார். கோபாலனுடைய வாழ்விலே நிகழ்ந்த மிகப் பெரிய நிகழ்ச்சி எதுவெனில் இதுவே எனலாம். ஆட்டத்தால் ஊதியம் பெறும் வழக்கம் இந்தியாவில் அரிதாயிருந்த காலம் அது. வயிற்றுக்கு வழி செய்து, பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுமுறையும் தரும் ஒரு தொழிலிடம் வாய்த்தாலன்றி, செல்வரல்லாத ஒருவர் தொடர்ந்து ஆடுதல் இயலாது.

இதிலே விந்தை ஒன்றுண்டு. பொங்கற் போட்டியிலே ஜோன்ஸ்டன் ஐரோப்பியர் அணிக்குத் துடுப்பெடுத்தாட, கோபாலன் இந்தியர் அணிக்குப் பந்து வீசுவார். கந்தோரிலே மேலதிகாரியாய் இருந்தவர் களத்திலே எதிரியாய் நின்றார். கோபாலனின் பந்துவீச்சு அதனாற் சிறிதும் மென்மையடையவில்லை. ஜோன்ஸ்டனும் அதனை எதிர்பார்க்கவில்லை. அந்நியராட்சியின் காலத்திலே இத்தகைய நேர்மை இருவரிடமும் நிலவியது பாராட்டுக்குரியது. எனினும் ஒன்றை மறத்தலாகாது: ஒருவருடைய நல்லெண்ணத்தின் மேல் நின்ற ஏணி அது. ஜோன்ஸ்டனின் கண்ணிற் படாத கோபாலன்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஏடும் பதிந்து வைக்கவில்லை.

பந்தும் கோலும்

1926-27ஆம் ஆண்டுப் பருவத்திலே கோபாலன் முதல்தர ஆட்டத்திற் காலடி வைத்தார். 1930-31இலே விஜயநகரம் மகாராஜகுமாரின் அணி இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தது. அவ்வணியிலே ஜாக் ஹாப்ஸ் இடம்பெற்றிருந்தார். முதல்தர ஆட்டங்களில் 61,000க்கு மேற்பட்ட ஓட்டங்களைக் குவித்து, உலகின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரருள் ஒருவரெனப் போற்றப்பட்டவர் ஹாப்ஸ். அவருடைய விக்கெட்டைச் சென்னையிலே கோபாலன் வீழ்த்தினார். திருவல்லிக்கேணி இளைஞரின் பெயர் அன்று முதல் இந்தியா முழுவதும் பரவலாயிற்று.

இதற்கிடையே அவர் மற்றொரு கோலையும் கையில் எடுத்திருந்தார். அதுவே ஹொக்கிக் கோல். அவ்வாட்டத்திலே அவர் நின்றது நடுவரிசையின் மையத்திலே. எதிரணி முன்னேறும்போது முதலில் தடுப்பவனும், தன்னணி முன்னேறும்போது முன்வரிசைக்குப் பந்தைக் கொடுப்பவனும் அவ்விடத்து வீரனே. ஓயாது ஓடும் கால்வலிமையும், பந்து எத்திசையில் வரும் என முன்னறியும் மதிநுட்பமும் அவ்விடத்துக்கு இன்றியமையாதவை. அக்காலத்து இந்திய ஹொக்கியோ உலகிலே தன்னிகரற்று விளங்கியது. 1928இலே அம்ஸ்ரடாமிலும் 1932இலே லொஸ் ஏஞ்சல்சிலும் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை இந்தியா வென்றிருந்தது. இரண்டாவது ஒலிம்பிக்கிலே அமெரிக்க அணியை 24க்கு 1 என்னும் கணக்கிலே தோற்கடித்தது. அத்தகைய அணியிலே இடம்பெறுதல் எளிய செயலன்று.

ஒருவர் இரண்டு ஆட்டங்களைப் பயிலுதல் எல்லா நாடுகளிலும் இயல்வதாய் இருக்கவில்லை என்பதும் இங்கு நோக்கத்தக்கது. அயர்லாந்திலே ஹேர்லிங் எனப்படும் தொன்மையான கோலாட்டம் ஒன்றுண்டு. வளைந்த மரக்கோலாற் சிறு பந்தை நிலத்திலும் வானிலும் அடித்து ஆடும் அவ்வாட்டத்தை வளர்ப்பதற்கென்று 1884 நவம்பர் முதலாம் நாள் தேளஸ் என்னும் ஊரிலே கேலிக் விளையாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அக்கழகம் ஒரு கடுமையான விதியை இயற்றிற்று. கிரிக்கெட், ஹொக்கி, றகர் முதலிய ஆங்கில ஆட்டங்களை ஆடுபவன் ஹேர்லிங் ஆடும் உரிமையை இழப்பான். இவ்விதி 1971 வரை நிலைத்திருந்தது. ஆங்கிலேயரின் ஆட்சிக்குட்பட்டிருந்த அயர்லாந்து, தன் ஆட்டத்தைத் தனித்துக் காத்துத் தேசிய உணர்ச்சியை வளர்த்தது. இந்தியாவும் இலங்கையுமோ ஆள்வோரின் ஆட்டத்தைக் கற்று, அதிலேயே ஆள்வோரை வெல்ல முயன்றன. இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்பது நெடிய வினா. அயர்லாந்து வீரனுக்குத் தெரிவு செய்யும் தொல்லையைக் கழகத்தின் விதி நீக்கிவிட்டது. கோபாலனுக்கோ அத்தொல்லை 1936ஆம் ஆண்டிலே தனியொருவராய்ச் சுமக்க வேண்டியதாய் வந்தது என்பதே இங்கு வேண்டப்படுவது.

1934: ஏற்றமும் இறக்கமும்

1933-34ஆம் ஆண்டுப் பருவத்திலே டக்ளஸ் ஜார்டினின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணிலே டெஸ்ட் போட்டிகள் நிகழ்ந்தது அதுவே முதன்முறை. இரண்டாவது டெஸ்ட் கல்கத்தாவிலே 1934 ஜனவரி 5ஆம் நாள் தொடங்கியது. சி. கே. நாயுடுவின் தலைமையிலே ஆடிய இந்திய அணியிலே கோபாலன் இடம்பெற்றார். ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும் பின்னர் 7 ஓட்டங்களும் எடுத்து, ஒரு விக்கெட்டையும் மூன்று பிடிகளையும் பெற்றார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த டெஸ்ட் பெப்ரவரி 10ஆம் நாள் சேப்பாக்கத்திலே தொடங்கியது. சேப்பாக்கம் கண்ட முதலாவது டெஸ்ட் அது. அம்மைதானத்தின் அயலிலே வளர்ந்து, அங்கேயே பந்து வீசிப் பெயர் பெற்ற கோபாலன் அவ்வணியிலே சேர்க்கப்படவில்லை. அமர்சிங் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்தும் இந்தியா 202 ஓட்டங்களால் தோல்வியுற்றது. கோபாலனுக்கு டெஸ்ட் களத்திலே மறுமுறை ஆடும் வாய்ப்பு ஒருபோதும் கிட்டவில்லை.

எனினும் அவ்வாண்டு முடியுமுன்னரே வரலாறு அவருக்கு ஒரு சிறப்பை வழங்கிற்று. இந்திய மாநிலங்களுக்கிடையிலான ரஞ்சிக் கிண்ணப் போட்டிகள் 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்திலே சென்னை அணியும் மைசூர் அணியும் மோதிய ஆட்டத்துடன் தொடங்கின. அப்போட்டித் தொடரின் முதலாவது பந்தை வீசியவர் கோபாலனே. மைசூர் அணி 48 ஓட்டங்களுக்கும் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. சென்னை ஒரே இன்னிங்ஸில் 130 ஓட்டங்கள் எடுத்தது. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளைக் கைப்பற்ற, ஆட்டம் ஒரே நாளிலே முடிந்துவிட்டது.

1936: இரு வழி கூடுமிடம்

1935ஆம் ஆண்டிலே தியான்சந்தின் தலைமையில் இந்திய ஹொக்கி அணி நீண்ட சுற்றுப்பயணம் ஒன்றை மேற்கொண்டது. கோபாலன் அதில் இடம்பெற்றார். இந்தியா, இலங்கை, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலே ஆடிய 48 போட்டிகளில் அவ்வணி 584 கோல்களை அடித்தது. அவற்றுள் ஏறக்குறைய 200 தியான்சந்த் ஒருவரே அடித்தவை. அத்தகைய முன்வரிசைக்குப் பின்னால் நின்று பந்தளித்த வீரர்களின் பணியை எந்தக் கணக்கும் காட்டாது. பயணத்தை முடித்துத் திரும்பியபோது கோபாலன் கிரிக்கெட்டிலும் ஹொக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர் என்னும் அரிய பெருமையை எய்தியிருந்தார்.

அடுத்த ஆண்டிலே அப்பெருமையே இக்கட்டாக மாறிற்று. 1936ஆம் ஆண்டுக் கோடையிலே இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. அதே கோடையிலே பேர்லின் நகரத்தில் ஒலிம்பிக் விழா. ஒரு புறம் கிரிக்கெட் அணியில் இடம். மறுபுறம் ஒலிம்பிக் ஹொக்கி அணிக்கான தேர்வு. இரண்டையும் கைக்கொள்ள இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்தார்.

பிற்காலத்தார் இத்தெரிவைப் பெரும் பிழையெனப் பேசினர். ஆனால் 1936ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நின்று நோக்குவார்க்கு அது பிழையாய்த் தோன்றியிராது. இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் இந்தியக் கிரிக்கெட் வீரன் எய்தத்தக்க உச்சம். லோர்ட்ஸ் மைதானத்திலே பந்து வீசுதல் சேப்பாக்கத்து இளைஞர் ஒவ்வொருவரின் கனவு. ஒரே டெஸ்ட்டுடன் ஒதுக்கப்பட்டவருக்கு இழந்த இடத்தை மீட்க வாய்த்த தருணமும் அது. மேலும், அவரை வளர்த்தவரும் வேலை தந்தவரும் நின்ற உலகம் கிரிக்கெட் உலகமே. தெரிவு சுயேச்சையானதுதான். ஆயினும் அதனைச் சூழ்ந்திருந்த காற்று ஒரே திசையில் வீசியது.

விளைவு யாவரும் அறிந்தது. இங்கிலாந்து சென்ற அணி உட்பூசலாற் சிதறுண்டது. தலைவராய்ச் சென்றவர் விஜயநகரம் மகாராஜகுமார். ஆட்டத்தை விடச் செல்வாக்காலேயே அப்பதவியை அடைந்தவர். அணியின் சிறந்த வீரர்களுள் ஒருவரான அமர்நாத் முதலாவது டெஸ்ட்டுக்கு முன்னரே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட்டுகளில் இரண்டிலே இந்தியா தோல்வியுற்றது. அம்மூன்றில் ஒன்றிலேனும் கோபாலன் ஆடவில்லை. ஆகஸ்ட் 15ஆம் நாள் பேர்லினிலே இந்திய ஹொக்கி அணி இறுதியாட்டத்தில் ஜேர்மனியை 8க்கு 1 என வென்று மூன்றாம் முறையும் தங்கப் பதக்கத்தைச் சூடியது. அந்நாள் பதினோர் ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவின் விடுதலை நாளாயிற்று. அதனால் அவ்வெற்றியை இந்தியர் மறப்பதில்லை.

இங்கிலாந்து சென்ற அதே அணியிலே சென்னையைச் சேர்ந்த கோட்டா ராமசாமியும் இருந்தார். அவரும் இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்கு ஆடியவர். 1922ஆம் ஆண்டிலே இந்தியாவின் சார்பில் டேவிஸ் கிண்ணத் தெனிஸ் போட்டியில் ஆடினார். நாற்பது வயதை எட்டிய நிலையிலே மான்செஸ்ரரில் முதலாவது டெஸ்ட் ஆடி 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார். தம் இரு டெஸ்ட்டுகளில் 56க்கு மேற்பட்ட சராசரியுடன் விடைபெற்றார். ராமசாமி, புச்சிபாபு நாயுடுவின் மைந்தர், கேம்பிரிட்ஜிலே பயின்றவர். இவ்விருவரையும் ஒப்பிடுதல் ராமசாமியின் திறமையைக் குறைப்பதற்கன்று. நாற்பது வயதிலும் காத்திருக்கும் வசதி அவருக்கு இருந்தது. தெனிஸை ஆடியபின் கிரிக்கெட்டுக்கு வரலாம். கிரிக்கெட்டில் இடம் கிட்டாவிடினும் வாழ்வு குறையாது. மாதச் சம்பளத்தில் விடுமுறை பெற்று வந்த கோபாலனுக்கு அத்தகைய காலவிரிவு இல்லை. ஒரே கப்பலிற் சென்றவரும் ஒரே வகையான பயணத்தைச் செய்தவராகார்.

கிண்ணமாய் நின்ற பெயர்

ஏமாற்றத்துடன் திரும்பிய கோபாலன் ஆட்டத்தைத் துறக்கவில்லை. மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்னைக்காகப் பந்து வீசினார். அவர் முதல்தர வாழ்வு 1951-52 வரை நீண்டது. 78 ஆட்டங்களில் 2,916 ஓட்டங்களும் 194 விக்கெட்டுகளும் அவர் ஈட்டியவை. சென்னை அணி முதன்முதலாக ரஞ்சிக் கிண்ணத்தை வென்றது 1954-55இலே. அக்கிண்ணத்தின் முதற் பந்தை வீசியவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். இந்திய அணியைத் தெரியும் குழுவிலும் அவர் பணியாற்றினார். தாம் பெறாத வாய்ப்பைப் பிறருக்கு வழங்கும் இடத்திலே அவரை அமர்த்திற்று காலம். 2003 டிசம்பர் 21ஆம் நாள் சென்னையிலே அவர் மறைந்தபோது, உயிருடனிருந்த டெஸ்ட் வீரர் அனைவரிலும் மூத்தவராய் மதிக்கப்பட்டார்.

அவருடைய கால் நூற்றாண்டுக் கிரிக்கெட் பணியைப் போற்றுமுகமாகவே சென்னை–இலங்கைப் போட்டிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சேப்பாக்கத்துக்கும் இலங்கைக்கும் அதற்கு முன்னரும் உறவுண்டு. 1947இலே அங்கு ஆடிய இலங்கை அணிக்காக மகாதேவன் சதாசிவம் 215 ஓட்டங்கள் குவித்ததை அந்நகரத்து முதியோர் நெடுங்காலம் பேசினர். கிண்ணம் அவ்வுறவை ஆண்டு வழக்கமாக்கிற்று. இலங்கை 1965 ஜனவரியிலே திசேராவின் தலைமையில் அகமதாபாத்திலே இந்திய அணியை வென்றது. 1981இலே டெஸ்ட் உரிமை பெற்று, 1982 பெப்ரவரியிலே கொழும்பு சரவணமுத்து மைதானத்திலே இங்கிலாந்துக்கெதிராகத் தன் முதல் டெஸ்ட்டை ஆடியது. அதே ஆண்டு செப்டம்பரிலே இந்தியாவுக்கெதிரான முதலாவது டெஸ்ட் சேப்பாக்கத்திலே நிகழ, துலீப் மென்டிஸ் இரு இன்னிங்ஸ்களிலும் 105, 105 என ஓட்டங்கள் எடுத்தார். சேப்பாக்கத்து டெஸ்ட்டிலே ஆடும் பேறு கோபாலனுக்குக் கிட்டவில்லை. அவர் பெயரைத் தாங்கிய போட்டியில் ஆண்டுதோறும் பழகிய நாடு அங்கு டெஸ்ட் நாடாக வந்து நின்றது. பேர்லின் பதக்கம் கிட்டியிருப்பின் அது ஒரு வீட்டுப் பேழையிலே இருந்திருக்கும். கிண்ணமோ ஒரு நாட்டின் வீரருக்குப் பயிற்சிக் களமாயிற்று.

கடலின் மறுமுகம்

இவ்வரலாற்றை இங்கேயே நிறுத்துதல் எளிது, ஆனால் முழுமையன்று. கோபாலன் கிண்ணத்துக்காக வீரர் கடல் கடந்து வந்தும் சென்றுமிருந்த அதே ஆண்டுகளிலே, அக்கடலை வேறொரு கூட்டமும் கடந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974இலே முடிவு செய்யப்பட்டது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, டிக்கோயா எனத் தேயிலைத் தோட்டங்கள் பரந்த மலைகளிலிருந்து தலைமன்னார்த் துறைக்குச் சென்ற புகைவண்டிகள் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்தன. வீரர் சென்ற கடவுச்சீட்டு வேறு. இவர் சென்ற கடவுச்சீட்டு வேறு. முன்னவர் சென்று மீண்டனர். பின்னவர் மீளாதே சென்றனர்.

மலைநாட்டிலே விளையாட்டுக்கு மைதானங்கள் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே துரைமார் கழகங்களை அமைத்துக் கிரிக்கெட்டும் றகரும் ஆடினர். அற்றனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் வழியிலே தரவளையிலுள்ள டிக்கோயா–மஸ்கெலியாக் கழகத்தின் மைதானம் இன்றும் அதற்குச் சான்றாய் நிற்கின்றது. சரிவான மலையிலே சமநிலம் என்பது பெரும் செல்வம். கிடைத்த சமநிலத்திலே தொழிற்சாலையும் பெரட்டுக்களமும் மைதானமும் அமைந்தன. லயங்கள் சரிவைப் பற்றிக்கொண்டன. தோட்டப் பாடசாலைகள் 1970களிலே அரசாங்கம் பொறுப்பேற்கும் வரையில் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்கு மேற்படவில்லை. திருவல்லிக்கேணி இளைஞருக்கும் சேப்பாக்கத்துக்குமிடையே ஒரு வேலியே இருந்தது. லயத்துச் சிறுவனுக்கும் துரைமார் மைதானத்துக்குமிடையே வேலியோடு பள்ளிக்கூடம், தொழில், குடியுரிமை என்னும் மூன்று மலைகளும் இருந்தன.

முத்தையா முரளிதரனுடைய வரலாறு இதற்கு மாறுபட்டதன்று, இதனை மெய்ப்பிப்பதே. 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தி 2010இலே விடைபெற்ற அவ்வீரரின் பாட்டனார் 1920இலே தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிச் சென்றவர். மைந்தர் இங்கேயே தங்கிக் கண்டி நகரிலே தொழில் நடத்தினார். பேரனுக்குப் புனித அந்தோனியார் கல்லூரியும், அதன் மைதானமும், நல்ல பயிற்றுநரும் வாய்த்தனர். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு ஒரு தலைமுறை நகர்ந்ததனாலேயே அவ்வழி திறந்தது. அதே மூதாதையரின் மரபிலே தோட்டத்திற் பிறந்த சிறுவர் எத்தனையோ பேர் அத்தகைய கைகளைப் பெற்றிருந்திருக்கலாம். அவற்றைக் கண்டு சொல்ல ஒரு கண் இருந்ததில்லை.

கோபாலனை ஒரு தவறான தெரிவால் தங்கத்தை இழந்தவராக மட்டும் எண்ணுதல் பொருந்தாது. தெரிவு செய்யும் நிலைக்கு அவர் வந்ததே பெரிது. ஊதியம் தரும் தொழில், ஆடுவதற்கு அனுமதி, ஆற்றலை அறியும் ஒரு கண் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடியதனால் மோரப்பாக்கத்துச் சிறுவன் முன் இரு வழிகள் தோன்றின. அம்மூன்றும் கூடாதவன் முன் ஒரு வழியும் தோன்றுவதில்லை. ஆதலின் அவன் பிழையாகத் தெரிந்தான் என்று பேசுவாரும் இல்லை. ஜோன்ஸ்டன் தனி மனிதராய்ச் செய்ததைப் பாடசாலையும் சமூகமும் அரசும் கடமையாய்ச் செய்தல் வேண்டும். அது நிகழுமாயின், தேயிலை மலைகளிலும் தங்கத்துக்கும் கிண்ணத்துக்குமிடையே தயங்கி நிற்கும் இளைஞர் தோன்றுவர். அத்தயக்கம் அவர்களுக்கு உரியதாதல் வேண்டும் என்பதே கோபாலனுடைய வாழ்வு கற்பிக்கும் பாடமாகும்.